ஸ்வெட்டர் மட்டும் ஞாபகம் இருக்கு!

திருவண்ணாமலையில் இறங்கி ‘யோகி’ என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்கமாட்டார். நேராக யோகி ராம்சுரத்குமார் ஆசிரம வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

அமெரிக்காவில் இதே வார்த்தையைச் சொன்னால்? பேஸ்பால் மைதானத்துக்கு வழி காட்டுவார்கள்! அங்கே யோகி என்றால் யோகி பெரா. நிஜப் பெயர் லாரன்ஸ் பீட்டர் பெரா. இத்தாலியிலிருந்து பிழைக்கப் போன குடும்பத்துப் பிள்ளை. பேட்டிங் வாய்ப்புக்காகக் காத்திருக்கும்போது கையையும் காலையும் மடக்கி உட்கார்ந்திருப்பாராம். சினிமாவில் ஓர் இந்திய யோகியைப் பார்த்துவிட்டு வந்த நண்பன், ‘டேய், நீ அந்த ஆள் மாதிரியே இருக்கே!’ என்று சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. 2015-ல் 90 வயதில் இறக்கும்வரை அவர் யோகிதான்.

யோகி பெராவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஜோக்தான் சொல்வார்கள். ‘அந்த ஹோட்டலுக்கு இப்பல்லாம் யாருமே போறதில்லைங்க... ஒரே கூட்டம்!’ என்று அவர் பெயரில் ஒன்று உலவுகிறது. இப்படி நூறு இருக்கும். அதில் பாதியை நான் சொல்லவே இல்லை என்று அவரே சொல்லிப் பார்த்தார். அதையும் ஜோக்காக்கிவிட்டார்கள்!

இப்போது சொல்லுங்கள்... அந்த மனிதர் ஆடிய அணி எத்தனை முறை வேர்ல்டு சீரிஸ் ஜெயித்தது? 10 முறை. இன்றுவரை வேறு எந்த ஆட்டக்காரருக்கும் அந்த எண்ணிக்கை இல்லை. சீசனின் தலைசிறந்த வீரர் விருது 3 முறை. அவர் கேட்சர். நம்ம ஊர் விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனால், அடுத்த பந்தை எப்படிப் போடவேண்டும் என்று பந்து வீசுபவருக்கு விரலால் சாடை காட்டுவதும் அவர்தான். 1956 வேர்ல்டு சீரிஸில் டான் லார்சன் என்பவர் எதிரணியின் 27 பேரையும் வரிசையாக வெளியே அனுப்பினார். ஒருத்தர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. அந்த 27 பேருக்கும் எதிராக மூளையைக் கசக்கியது யோகி. ஆனால், நமக்கு வந்து சேர்ந்தது? ஹோட்டல் ஜோக்!

அமெரிக்காக்காரனைச் சொல்வானேன்? நாமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ‘சுவாரஸ்யமான வீரர்கள், மறக்க முடியாத தருணங்கள்’ என்று தலைப்பு வைத்துப் புத்தகம் போடுகிறோம். டி.வி-யில் நாலு பேர் உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார்கள். நானும் ரசித்துப் பார்ப்பவன்தான். ஆனால், பார்த்து முடித்ததும் ஒரு சந்தேகம் வரும்: இவ்வளவு நேரம் பேசினார்களே, ஆட்டத்தைப் பற்றி என்ன சொன்னார்கள்?

நம்ம ஸ்ரீகாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உடனே ஞாபகம் வருவது என்ன? மூக்கை உறிஞ்சுவார். சூரியனைப் பார்ப்பார். ஒவ்வொரு பந்துக்கும் ஸ்கொயர் லெக் பக்கம் உலாத்துவார். 1981-ல் தன் முதல் டெஸ்ட்டிலேயே கிரீஸை விட்டு அப்படிப் போய் ரன் அவுட் ஆனவர். சிரிக்கிறோம். சரி.

1983, ஜூன் 25. லார்ட்ஸ். உலகக் கோப்பை ஃபைனல். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். நாலு பேரும் நாலு எமன். ஸ்ரீகாந்த் அடித்தது 38. ‘அவ்வளவுதானா?’ என்பீர்கள். அந்த மேட்ச்சில் இரண்டு அணியிலும் சேர்த்து அதிகபட்ச ஸ்கோர் அதுதான் சார்! விவியன் ரிச்சர்ட்ஸே 33. இந்தியா எடுத்த மொத்தம் 183. ஜெயித்தது 43 ரன்னில். நான் காமர்ஸ் படித்தவன். அந்த 38-ஐக் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கை நடுங்குகிறது.

1989-ல் அவர் கேப்டனாக பாகிஸ்தான் போனார். நாலு டெஸ்ட்டும் டிரா. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. திரும்பி வந்ததும் கேப்டன் பதவி போய்விட்டது. இதையெல்லாம் யாரும் நினைவுபடுத்துவதில்லை. ஏனென்றால், இதில் சிரிக்க ஒன்றும் இல்லை!

அடுத்தது சேப்பாக்கம், 1986. உலக டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது ‘டை’. செப்டம்பர் 18-ல் ஆரம்பித்து 22-ல் முடிந்த ஆட்டம். இதைப் பற்றிப் பேசினால் மூன்று கதை கட்டாயம் வரும். ஒன்று, டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தது. ‘முடியலைன்னா சொல்லு, குயின்ஸ்லாந்துக்காரன் ஒருத்தனைக் கூப்பிட்டுக்கறேன்’ என்று கேப்டன் ஆலன் பார்டர் உசுப்பேற்றியது. இரண்டு, அந்த வெயிலில் கிரெக் மேத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசியது. மூன்று, கடைசியில் மணிந்தர் சிங்குக்கு அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கியது.

ஜோன்ஸ் கதையில் குறை இல்லை. அங்கே வாந்தியும் 210-ம் சேர்ந்தே வருகின்றன. ஆடி முடித்ததும் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிய கதை, அந்த இன்னிங்ஸின் விலையைச் சொல்கிறது. நல்ல கதை என்றால் இப்படி இருக்கவேண்டும்.

ஸ்வெட்டர் கதை அப்படியில்லை. மேத்யூஸை அது ஒரு கோமாளியாக்கிவிட்டது. அவர் எடுத்தது முதல் இன்னிங்ஸில் 5, இரண்டாவதில் 5, ஆக 10 விக்கெட். கடைசி நாளில் இந்தியாவுக்கு இலக்கு 348. இந்தியா ஆடியது 86.5 ஓவர். அதில் 39.5 ஓவர் அந்த ஸ்வெட்டர்காரர் போட்டார். கவாஸ்கர் 90 அடித்துக்கொண்டிருக்கிறார், சாஸ்திரி சிக்ஸர் அடிக்கிறார், ரன்னை வாரிக் கொடுக்கிறோம் என்று தெரிந்தும் பந்தைக் கீழே வைக்கவில்லை. கடைசிக்கு முந்தைய பந்தில் கடைசி விக்கெட். இந்த மன உறுதியைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? ‘மெட்ராஸ் வெயில்ல ஸ்வெட்டர் போட்டான் சார் ஒரு பைத்தியக்காரன்!’ முடிந்தது கதை.

மூன்றாவது கதை இன்னும் வேதனை. பேட்டில் பட்டது என்று மணிந்தர் சொன்னார். விக்ரம்ராஜு எல்.பி.டபிள்யூ. கொடுத்தார். அதுதான் அவருடைய கடைசி டெஸ்ட். அதற்குப் பிறகு ஒரு டெஸ்ட்டிலும் அவர் நிற்கவில்லை. ஐந்து நாள் வெயிலில் நின்ற மனிதர், ஒரு விரலாகச் சுருங்கிப்போனார். அந்த முடிவு சரியா தப்பா என்று நாம் இன்னும் டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒரு விநாடியில் அதைச் சொல்லவேண்டியிருந்தது அவருக்கு.

‘அப்ப கதையே சொல்லக்கூடாதா? புள்ளிவிவரத்தை மட்டும் வாசிச்சுட்டுப் போகணுமா?’ என்று கேட்பீர்கள். அய்யய்யோ, அப்படிச் சொல்வேனா! கொஞ்சம் மசாலா இருக்கட்டும். சி.கே.நாயுடு சேப்பாக்கத்தில் அடித்த சிக்ஸர், மைதானத்தைத் தாண்டித் தென்னை மரத்தில் பட்டது என்பார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அந்தத் தென்னை மரம் நாலு அடி தள்ளிப் போகும்! அமெரிக்காவிலும் ஒரு தென்னை மரம் உண்டு. 1932 வேர்ல்டு சீரிஸில் பேப் ரூத் கையை நீட்டி, ‘அங்கே அடிக்கப் போறேன்’ என்று காட்டிவிட்டு அங்கேயே அடித்தார் என்று. நிஜமாகவே காட்டினாரா, எதிரணிக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாரா? இன்னும் சண்டை தீரவில்லை. இந்தப் பொய்கள் நல்ல பொய்கள். நாயுடு பலசாலி, ரூத் தைரியசாலி என்கிற உண்மையைத்தான் அவை பெரிதாக்குகின்றன. ஸ்வெட்டர் கதை உண்மை. ஆனால், அது ஆளை மறைக்கிறது. எனக்குத் தென்னை மரமே போதும்.

கதையே வாய்க்காதவர்கள் பாடு இன்னும் மோசம். லெக் ஸ்பின்னர் வி.வி.குமார். 1961-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக அறிமுகம். முதல் இன்னிங்ஸிலேயே 5 விக்கெட். மொத்தம் ஆடிய டெஸ்ட் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது 599 விக்கெட். 600 இல்லை... 599! எந்த ஆடிட்டருக்கும் தூக்கம் வராது. மூக்கை உறிஞ்சவில்லை, ஸ்வெட்டர் போடவில்லை. ஆகவே, டி.வி-யில் அவருக்கு இரண்டு நிமிஷம்கூடக் கிடைப்பதில்லை.

எம்.ஜே.கோபாலன் விஷயம் வேறு. அவருக்கு வாய்த்தது காவியமே எழுதலாம் போன்ற கதை. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ரஞ்சி டிராபியின் முதல் பந்து, 1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில், அவர் கையிலிருந்துதான் போனது. அன்றைக்கு மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டு, ஒரே நாளில் ஆட்டம் காலி! கோபாலன் ஹாக்கியிலும் புலி. 1936-ல் ஒரே நேரத்தில் இரண்டு கதவு திறந்தது. பெர்லின் ஒலிம்பிக்ஸா, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்தா? இங்கிலாந்துக்கே போனார். அங்கே ஒரு டெஸ்ட்டில்கூட அவரை இறக்கவில்லை. பெர்லினில் தயான்சந்த் அணி ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கியது. 2003-ல் அவர் இறந்தார். இந்த மனிதரைப் பற்றி ஏன் சார் ஒரு சினிமா இல்லை?

சினிமா என்றதும் ஞாபகம் வருகிறது. 2014-ல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று ஒரு ஹாலிவுட் படம். ஏ.ஆர்.ரஹ்மான் இசை. உத்தரப்பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு பையன்களை பேஸ்பாலுக்குக் கூட்டிப்போன உண்மைக் கதை. 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. அதுவரை பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத பையன்கள். எப்பேர்ப்பட்ட கதை! ஆனால் படத்தில் ஹீரோ யார்? அவர்களைக் கண்டுபிடித்த ஏஜென்ட்! அவர் மனம் திருந்துவதற்கு இந்தப் பையன்கள் உதவுகிறார்கள், அவ்வளவுதான். லிஃப்ட்டைப் பார்த்து மிரளும் காட்சிகளில் சிரிப்பு வருகிறது. கையிலிருந்து பந்து எப்படிக் கிளம்புகிறது என்பதை அந்தப் பையன்கள் எப்படிக் கற்றார்கள் என்பதுதான் மனதில் பதியவில்லை. படம் முடிந்ததும் இரண்டு பேரில் யார் ரிங்கு, யார் தினேஷ் என்று என் பக்கத்து சீட்காரர் கேட்டார்.

பத்து வருஷம் கழித்து, 2024-ல் ‘லப்பர் பந்து’. தமிழரசன் பச்சமுத்து இயக்கிய முதல் படம். இதிலும் கலர்ஃபுல்லான ஆள் உண்டு. அட்டகத்தி தினேஷ் நடித்த கெத்து. பேட்டை எடுத்துக்கொண்டு நடந்துவந்தாலே விசில் பறக்கும். ஆனால், படம் விசிலோடு நிற்கவில்லை. அந்தக் கெத்துக்கு ஆட்டத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது என்பதை ஒருவன் கவனித்து வைத்திருக்கிறான். அங்கிருந்துதான் கதையே கிளம்புகிறது. ஆட்டத்தைக் கூர்ந்து பார்ப்பது ஒரு மரியாதை என்று இந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. திறமை இருந்தும் சாதியால் டீமுக்கு வெளியே நிற்கிறவனையும் அது கண் எடுக்காமல் பார்க்கிறது. பிற்பாதியில் சமரசங்கள் உண்டு. போகட்டும்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் ஏரிதான் ஞாபகம் வந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏரி காய்ந்தால் மைதானம். காலேஜ் படிக்கும்போது டோர்னமென்ட்டில் ஸ்கோர் எழுதுகிற வேலை என்னுடையது. ‘பி.காம். பையன், கணக்கு ஒழுங்கா எழுதுவான்!’

எங்களுக்கும் ஓர் அண்ணன் இருந்தார். லாரி ஷெட்டில் வேலை. லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டுதான் இறங்குவார். அவர் அடித்த ஒரு சிக்ஸர், ரோட்டில் போன செஞ்சி பஸ்ஸின் ஜன்னல் வழியாக உள்ளே போய்விட்டது. அந்தக் கதை இன்றும் ஊரில் ஓடுகிறது. இப்போது பஸ் நிற்காமல் திண்டிவனம்வரை பந்தைக் கொண்டுபோய்விட்டதாகக் கேள்வி!

போன வருஷம் ஊருக்குப் போனபோது டீக்கடையில் அவரைப் பார்த்தேன். தலை வெளுத்துவிட்டது. கூட இருந்தவர்கள், ‘அண்ணே, அந்த பஸ் சிக்ஸர்!’ என்று ஆரம்பித்தார்கள். அவரும் சளைக்காமல் சொன்னார். எத்தனையாவது தடவையோ! எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் மெதுவாகக் கேட்டேன். “அண்ணே, அந்த வருஷ ஃபைனல்ல நீங்க 41 நாட் அவுட். டீம் மொத்தமே 68. பந்து தாறுமாறா எழும்பிச்சு. ஒரு பந்தைக்கூட நீங்க தூக்கி அடிக்கலை. எல்லாம் தரையோட ஓடி எடுத்த ரன்.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“அதை நீ பார்த்தியா?”

“நான்தாண்ணே ஸ்கோர் எழுதினேன்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கடைக்காரரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னார். பெஞ்ச்சில் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, டம்ளரை ஸ்டெம்ப்பாக வைத்து, அந்த மேட்ச்சை முதல் ஓவரிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.