ஐபொம்மாவுக்குப் பிறகு

2025 நவம்பரில் ஐதராபாத் சைபர் கிரைம் காவல்துறை, திருட்டுத் திரைப்படத் தளமான ஐபொம்மாவை நடத்தியவர் என்று ஒருவரைக் கைது செய்தது. அந்தத் தளமும் அதன் உடன்பிறப்பான பப்பமும் அவரை வைத்தே மூடப்பட்டன. சிரஞ்சீவி, நாகார்ஜுனா, ராஜமௌலி என்று தெலுங்குத் திரையுலகின் பெரிய பெயர்கள் காவல்துறை ஆணையரை நேரில் சந்தித்து நன்றி சொன்னார்கள். அதே வாரத்தில் சமூக ஊடகங்களில் ஏராளமானோர் கைதானவரை ஏழைகளின் தோழன் என்று கொண்டாடினார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. இரண்டு தரப்பும் தொடாத கேள்வியும் ஒன்று உண்டு. ஒரு தளம் மூடப்படும்போது அதை யார் முடிவு செய்தார், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று, அதைத் திறக்க முயலும் சாதாரண ஆளுக்குச் சொல்ல வேண்டாமா?

இந்தக் கேள்வியை வரதய்யபாளையத்தில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் தடா வரை வந்து மேற்கே காளத்தி சாலையில் திரும்பினால் வரும் ஊர். முன்பு சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். இப்படிப்பட்ட எல்லையோர ஊர்களில் ஒரே போனில் தமிழ்த் திருட்டுப் படத் தளமான தமிழ் ராக்கர்ஸும் ஐபொம்மாவும் சேர்ந்தே இருந்தன. அதற்கு முன்னால் ரீசார்ஜ் கடைகள். கவுண்டரில் மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கணினித் திரையில் ஓடும் ஃபோல்டர்களில் வேண்டியதைக் கைகாட்ட வேண்டும். புதுத் தெலுங்குப் படம், பழைய ரஜினி படம், அம்மாவுக்கு பக்திப் பாடல் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றித் தருவார்கள். கார்டு நிறைந்துவிட்டால் எதை அழிப்பது என்று அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். இணையம் மலிவானதும் அந்தக் கடைகளின் வேலையைத் தளங்கள் எடுத்துக்கொண்டன.

மூடுவதன் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் பார்த்துவிடுவோம். அது பலமான நியாயம். ஒரு படத்தின் வசூலில் பெரும்பகுதி முதல் வாரத்தில், அதிலும் முதல் மூன்று நாட்களில் வருகிறது. 2025 ஜனவரியில் 'கேம் சேஞ்சர்' வெளியான சில நாட்களிலேயே ஆந்திராவின் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றில் திருட்டுப் பிரதி ஓடியது. அடுத்த மாதம் 'தண்டேல்' ஆந்திர அரசுப் பேருந்திலேயே போட்டுக் காட்டப்பட்டது. தயாரிப்பாளர் வெளிப்படையாகக் குமுறிய பிறகு போக்குவரத்துக் கழகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அரசின் சொந்த வண்டியிலேயே இந்த நிலை என்றால் எழுத்தாளனும் எடிட்டரும் இரண்டு வருடம் உழைத்ததற்கு என்ன மதிப்பு? திருட்டுப் பிரதியைச் சாதாரண மனிதர்களின் சின்னத் தவறு என்று தட்டிக்கழிக்கிறவர்கள், அந்தத் தளங்களின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஐபொம்மாவின் பணம் சூதாட்டச் செயலிகளின் விளம்பரத்திலிருந்து வந்தது என்கிறது காவல்துறை. இலவசப் படத்தைத் தொட்ட விரல், அடுத்த நொடி பந்தயம் கட்டும் பக்கத்தில் போய் விழுகிறது. சம்பள நாளில் கையில் பணம் இருக்கும் பத்தொன்பது வயதுத் தொழிலாளிக்கு இதைவிட மோசமான வலை இல்லை. அப்படிப்பட்ட தளத்தை மூடியதற்காக எனக்குத் துளியும் வருத்தமில்லை.

நட்டக் கணக்கைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2023இல் இந்தியாவில் திருட்டுப் பிரதியால் 22,400 கோடி ரூபாய் இழப்பு என்று இணைய நிறுவனங்களின் சங்கமும் இ.ஒய். நிறுவனமும் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அந்த எண் இன்று எல்லா மேடையிலும் உலா வருகிறது. ஆனால் இலவசமாகப் பார்த்தவர் ஒவ்வொருவரும் பணம் கொடுத்துப் பார்த்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய ஆணையம் பணம் கொடுத்து நடத்திய ஆய்வொன்று 2017இல் வெளியே வந்தது. இசை, புத்தகம், வீடியோ கேம் இவற்றில் திருட்டுப் பிரதியால் விற்பனை குறைந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. புதிதாக வந்த பெரிய படங்களில் மட்டும் தெளிவான பாதிப்பு: பத்து படம் திருட்டுத்தனமாகப் பார்க்கப்பட்டால், முறையாகப் பார்ப்பது நான்கு குறைகிறது. அதாவது, புதுப் படம் ஓடும் நாட்களில் அதன் பிரதியைத் தடுப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அந்த நாட்களைத் தாண்டி, அந்தப் படத்தைத் தாண்டி, தளத்தையே காலவரையின்றி மூடுவதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டும். நம் நாட்டு நடைமுறை இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை. அதன் முதல் குறை இதுதான்.

இந்த நடைமுறையின் வரலாற்றில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தனி இடம் உண்டு. 2012இல் தமிழில் '3', தெலுங்கில் 'தம்மு' ஆகிய படங்களுக்காக, முன்பின் தெரியாத எதிராளிகள் மீது முன்கூட்டியே தடை உத்தரவு வாங்கப்பட்டது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இணையச் சேவை நிறுவனங்கள் அந்த மே மாதம் பைரேட் பேயை மட்டுமல்ல, விமியோவையும் சேர்த்து முடக்கின. குறும்பட இயக்குநர்கள் தங்கள் சொந்தப் படங்களை ஏற்றி வைத்திருந்த இடம் விமியோ. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த ஜூன் மாதத்தில் நீதிமன்றம் விளக்கம் தந்தது: குறிப்பிட்ட பிரதி இருக்கும் பக்கத்தின் முகவரியைத்தான் தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல. நல்ல விளக்கம்தான். ஆனால் நிலைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவுகளில் 2,650 தளங்கள் இருந்தன. பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் ஒன்று. பதிப்புரிமைக் காலம் முடிந்த புத்தகங்களையும் மறைந்துபோன இணையப் பக்கங்களையும் பாதுகாத்து வைக்கும் உலகப் பொது நூலகம் அது. அவர்களுக்கு முன்னறிவிப்பு ஏதும் போகவில்லை. செய்தி பரவி, உலகம் முழுக்கக் கேள்வி எழுந்த பிறகே அது திறந்தது. பட்டியலைத் தயாரித்தது மனுதாரர் தரப்பு. ஆயிரக்கணக்கான முகவரிகளை ஒரு நீதிபதி ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியுமா?

அடுத்த ஆண்டு '2.0' படத்துக்கு 12,000-க்கும் மேற்பட்ட தளங்களைத் தடுக்க உத்தரவு. தமிழ் ராக்கர்ஸின் முகவரிகள் மட்டுமே அதில் ஆயிரக்கணக்கில் இருந்தன. படம் வெளியான அன்றே அதே தமிழ் ராக்கர்ஸில் பிரதி வந்துவிட்டது. தளத்தின் வாலை மாற்றிப் புது முகவரி வாங்க சில நிமிடம் போதும், போனில் டி.என்.எஸ். அமைப்பை மாற்றப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தெரியும். இதைச் சமாளிக்க, 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் புது வழி கண்டது. தளத்தின் முதன்மை நோக்கமே திருட்டுப் பிரதிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படியென்றால் முழுத் தளத்தையும் தடுக்கலாம். அது வேறு முகவரியில் முளைத்தால் புது வழக்கு இல்லாமலே பட்டியலில் சேர்க்கலாம். 2023இல் இன்னொரு படி: இனிமேல் வரப்போகும் படைப்புகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே தடை. தளத்தின் நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்ற முதல் நிபந்தனை மிகச் சரி. விமியோவையும் ஆர்க்கைவையும் காப்பாற்றியிருக்கக்கூடிய நிபந்தனை அது. ஆனால் பட்டியலை நீட்டிக்கொண்டே போகும் வசதி வந்ததும், முதல் முகவரிக்குக் காட்டிய கவனம் நூறாவது முகவரிக்குக் கிடைக்கும் என்று நம்ப முடியவில்லை.

2023இல் சட்டமும் மாறியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அரசே தளங்களைத் தடுக்கலாம் என்றாலும், அங்கே சொல்லப்பட்ட காரணங்கள் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்றவை. பதிப்புரிமை அதில் இல்லை. அந்த இடைவெளியைத் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் நிரப்பியது. திருட்டுப் பிரதிக்குக் குறைந்தது 3 மாதச் சிறை, 3 லட்ச ரூபாய் அபராதம். கூடினால் 3 ஆண்டு, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை. அந்த நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் தணிக்கை வாரியமும் 12 அதிகாரிகளை நியமித்தன. தயாரிப்பாளர் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. வழக்கறிஞர் வைத்து உயர் நீதிமன்றம் போகப் பணமில்லாத சின்னத் தயாரிப்பாளருக்கு இது பெரிய உதவி. ஐந்து கோடி ரூபாய் கடன் வாங்கிப் படமெடுத்தவருக்கும் ஷாருக் கான் நிறுவனத்துக்கும் ஒரே வாசல் என்பதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் தவறாகத் தடுக்கப்பட்டவருக்கு எந்த வாசல்?

நம் ஊரில் ஒரு கடைக்குச் சீல் வைத்தால், எந்த அலுவலகம், எந்தச் சட்டம், எந்தத் தேதி என்று ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். இணையத்தில் அது இல்லை. பல நேரம் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். இல்லாவிட்டால் அரசு உத்தரவுப்படி முடக்கப்பட்டது என்று ஒற்றை வரி. ஊரில் கேட்டால், "சைட் ஓபன் ஆகல அண்ணா, நெட் ஸ்லோ போல" என்பார்கள். எந்த அரசு, எந்த உத்தரவு என்று தெரியாதவர் யாரிடம் முறையிடுவார்? இதைச் சரி செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2016இல் 'டிஷூம்' படத்துக்கான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், தடுக்கப்பட்ட பக்கத்தில் வழக்கின் விவரமும், பாதிக்கப்பட்டவர் தொடர்புகொள்ள வழியும் இருக்க வேண்டும் என்றார். வெறுமனே பார்ப்பதே குற்றம் என்ற பொருளில் அந்தப் பக்கத்தில் வந்த எச்சரிக்கையையும் அவர்தான் திருத்தினார். இங்கிலாந்தில் 2014இல் ஒரு வழக்கில், தடை வாங்கியவர் யார் என்று பக்கத்தில் போட வேண்டும், தடையை எதிர்த்துப் பயனாளரும் நீதிமன்றம் வரலாம், தடைக்கு முடிவுத் தேதி வேண்டும் என்று தீர்ப்பானது. இவற்றை நடைமுறைப்படுத்தப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். ஒரு பக்கத்தில் நாலு வரி.

தளத்தை மூடுவது, பிரதி வெளியேறும் இடத்தைத் தொடுவதில்லை. 2013இல் 'அத்தாரிண்டிகி தாரேதி' வெளியாகும் முன்பே சுமார் ஒன்றரை மணி நேரப் படம் வெளியே வந்துவிட்டது. அதைத் தளம் திருடவில்லை, தொழிலுக்குள்ளிருந்து போனது. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் திரையரங்கில் 'ராயன்' படத்தை இருக்கையில் உட்கார்ந்தே போனில் பிடித்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். டிஜிட்டல் படத்தில் கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறி இருக்கிறது. திருட்டுப் பிரதி எந்தத் திரையரங்கில், எந்தக் காட்சியில் எடுக்கப்பட்டது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அந்த வழியில் பிடிப்பது மெதுவான, பெயர் வராத வேலை. பன்னிரண்டாயிரம் தளங்களுக்குத் தடை என்றால் தலைப்புச் செய்தி வரும். ஆனால் பயன் தருவது முதலாவதுதான்.

விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2021 ஏப்ரலில் ஆந்திர அரசு போட்ட 35ஆம் எண் அரசாணையில் கிராம ஊராட்சித் திரையரங்கின் அடிமட்ட டிக்கெட் 5 ரூபாய். திரையரங்குகள் தாங்க முடியாமல் தவித்தன. மறு வருடம் மார்ச்சில் அதை மாற்றினார்கள். 2024 டிசம்பரில் 'புஷ்பா 2' முந்தின இரவுக் காட்சிக்கு 800 ரூபாய், அதற்கு மேல் வரி என்று அனுமதி வந்தது. இரண்டுமே அரசின் கையெழுத்தில் வந்த விலைகள். பக்கத்துச் சூளூர்பேட்டையில் நூறு அடிக்கு மேல் அகலமுள்ள திரை இருக்கிறது. சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். அந்தத் திரையின் மேல் நம் பிள்ளைகளுக்கும் ஆசை இருக்கிறது. நாலு பேர் குடும்பம் ஒரு பெரிய படத்தை முதல் வாரத்தில் பார்க்க ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்த பிறகே அவர்கள் போனை எடுக்கிறார்கள். திருடுவதை இது நியாயப்படுத்தாது. ஆனால் டிக்கெட் விலையை உயர்த்தும் உத்தரவும் தளத்தை மூடும் உத்தரவும் ஒன்றையொன்று பார்க்காமல் இரண்டு மேசைகளில் தயாராகும்வரை, மூடிய தளத்தின் பெயரில் இன்னொன்று முளைக்கும். ஐபொம்மா போன சில நாட்களிலேயே அதே பெயரை ஒட்டிய தளங்கள் தலைகாட்டின.

முறையான வழியைத் திறந்துவிட்டுத் தளத்தை மூடிய உதாரணமும் 2025இலேயே இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தந்த சை-ஹப் தளத்தை அந்த ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி முடக்கினார்கள். அதற்கு முன்பாக, ஜனவரியிலேயே மத்திய அரசு ஒரு நாடு ஒரு சந்தா திட்டத்தைத் தொடங்கிவிட்டது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 6,300 அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள். சுமார் 13,000 ஆய்விதழ்கள். திருப்பதி எஸ்.வி. பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களுக்கு முறையான வழி இருக்கிறது. தனியார் கல்லூரி மாணவருக்கு இல்லை. சை-ஹப் தடை அவர்களை வெளியே நிறுத்திவிட்டது. திட்டத்தில் அவர்களைச் சேர்த்த பிறகு மூடியிருந்தால் எதிர்க்க எனக்குக் காரணமே இருந்திருக்காது. சினிமாவிலும் இதையே கேட்கிறேன். எழுபதுகளின், எண்பதுகளின் பல தமிழ், தெலுங்குப் படங்கள் எந்தக் கட்டணத் தளத்திலும் கிடைப்பதில்லை. அவற்றை வைத்திருக்கும் தளத்தையும் நேற்று வந்த படத்தைத் திருடும் தளத்தையும் ஒரே பட்டியலில் வைக்கக் கூடாது.

இப்போதைக்கு அந்த 12 அதிகாரிகள் தங்கள் அதிகாரத்துக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தடுக்கும் ஒவ்வொரு முகவரியையும், எந்தப் படத்துக்காக, எந்தத் தேதியில் என்ற குறிப்போடு அமைச்சகத்தின் தளத்தில் வெளியிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஆறு மாத முடிவுத் தேதி போடலாம். தொடர்ந்து தடுக்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் மறுபடி வந்து கேட்கட்டும். அந்தப் பட்டியலும் தடைப் பக்கமும் தமிழிலும் தெலுங்கிலும் இருந்தால், வரதய்யபாளையத்துப் பையன் நெட் ஸ்லோ என்று நினைத்துக்கொண்டு அடுத்த சூதாட்ட விளம்பரத்தைத் தொட மாட்டான்.