கல்லூரி மாணவரின் ஸமய ஆராய்ச்சி: ஒரு விமர்சனம்

அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்துக்குப் பயிலும் மாணவர்கள் ஸமயங்களை ஆராய்ந்து கட்டுரை எழுதும் வழக்கம் பல ஆண்டுகளாக நிலைபெற்றுள்ளது. அவ்வாராய்ச்சிக்கு உட்படும் இடங்களில் எம்பெருமான் எழுந்தருளியிருக்கும் கோயில்களும் உண்டு. ஆராயும் மாணவர்களுள் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே, அவ்வாராய்ச்சி முறையின் குணம் யாது, குறை யாது என்று சீர்தூக்குவது நம்முடைய கடமையும் ஆகும். பூர்வாசார்யர்கள் நமக்குக் காட்டிய கேட்டறியும் முறையை அளவுகோலாகக் கொண்டு அதனை இங்கே மதிப்பிடுவோம்.

முதலில் அத்துறை அந்நாட்டில் வளர்ந்த வரலாறு. பென்சில்வேனியா மாநிலத்து அரசுப் பள்ளிகளில் நாள்தோறும் விவிலியம் வாசிக்கப்பட்டு வந்தது. அது முறையன்று என்று 1963ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பே, வழிபாடாக அல்லாமல் கல்வியாக ஸமயத்தைப் பற்றிப் பயில்வதற்குத் தடையில்லை என்றும் தெளிவுபடுத்திற்று. ஸமயத்தைப் போதித்தல் வேறு, ஸமயத்தைப் பற்றிப் போதித்தல் வேறு என்னும் இப்பாகுபாட்டைத் துணையாகக் கொண்டு, அரசுப் பல்கலைக்கழகங்களில் ஸமய ஆய்வுத் துறைகள் பெருகின. 1965இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டபின் பாரத தேசத்தவர் பலர் அங்கே குடியேறினர். அதே பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே, திருமலைக் கோயிலை முன்மாதிரியாகக் கொண்டு 1970களில் ஸ்ரீவேங்கடேச்வரர் கோயில் எழுந்தது. பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள ஆஷ்லாண்டில் ஸ்ரீலக்ஷ்மி கோயில் அமைந்தது.

இச்சூழலில் 1991ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியை டயானா எக் அவர்கள் 'ப்ளூரலிஸம் ப்ராஜெக்ட்' என்னும் பன்மைத் திட்டத்தைத் தொடங்கினார். பாரத தேசத்து ஸமயங்களை அவர் நெடுங்காலம் ஆராய்ந்தவர். அர்ச்சாமூர்த்தியின் தரிசனத்தைப் பற்றி 1981இல் நூல் எழுதியவர். தம் வகுப்பில் வந்து அமரும் மாணவர்களுள் குடியேறிய இந்துக்களின் பிள்ளைகள் மிகுந்துவருவதைக் கண்டு, பாரத தேசத்தில் ஆராய்ந்த ஸமயங்களை இனித் தம் நாட்டிலேயே ஆராய வேண்டும் என்று துணிந்தார். மாணவர்களைக் கோயில், மசூதி, குருத்வாரா, விஹாரம் ஆகியவற்றுக்கு அனுப்பினார். அவர்கள் கோடை விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் சென்று, கண்டதையும் கேட்டதையும் எழுதிக்கொண்டுவந்தனர். அவற்றைத் துணையாகக் கொண்டு 1997இல் குறுந்தகடும், 2001இல் எக் அவர்களின் பெருநூலும் வெளிவந்தன. இளநிலை மாணவரின் உழைப்பு இவ்வளவு பெரிய அறிவுப்பணிக்கு ஆதாரமாயிற்று என்பது போற்றத்தக்கது.

இம்முறையின் குணங்களை முதலில் சொல்லவேண்டும். ஸமயம் என்பது பழைய நூல்களில் மட்டும் உள்ளது என்று எண்ணியிருந்த கல்வியுலகத்துக்கு, அது பக்கத்துத் தெருவில் உயிரோடு இருக்கிறது என்று இம்மாணவர்கள் காட்டினர். கோயில் கட்ட நிலம் வாங்கியபோது நேர்ந்த எதிர்ப்பு, மடைப்பள்ளி அமைப்பதற்கு நகராட்சியின் அனுமதி, வார நாட்களில் வரும் உத்ஸவத்தைச் சனி ஞாயிறுகளுக்கு மாற்றுவதில் உண்டாகும் மனக்குறை முதலியவற்றை எந்த வ்யாக்யானத்திலும் காணமுடியாது. நேரில் சென்று கேட்டாலன்றி இவை தெரியா. நாமும் இவற்றை எழுதிவைக்கவில்லை. இருபது வயது மாணவர் ஒருவர் குறிப்பேடும் கையுமாகச் சென்று எழுதிவைத்தாரென்றால், அது நமக்குச் செய்த உபகாரமே.

இனிக் குறையைப் பார்ப்போம். ஓர் உதாரணம் கொள்வோம். மாணவர் ஒருவர் கோயிலில் நிற்கிறார். அர்ச்சகர் தீர்த்தம் ஸாதித்தபின் ஸ்ரீசடாரியை ஒவ்வொருவர் தலையிலும் ஸாதிக்கிறார். அஃது என்னவென்று மாணவர் அருகிலிருக்கும் தொண்டரைக் கேட்கிறார். தொண்டர், "அது கிரீடம், ஆசீர்வாதம்" என்கிறார். அல்லது, "நல்ல சக்தி உண்டாகும்" என்கிறார். மாணவர் அதனை அப்படியே எழுதிக்கொள்கிறார். வெள்ளியால் ஆன கிரீடத்தைத் தலையில் வைத்து ஆசி வழங்குவது இவர்கள் வழக்கம் என்பது அறிக்கையில் ஏறுகிறது. அவர் பொய் எழுதவில்லை. கண்டதையும் கேட்டதையுமே எழுதினார். ஆயினும் பொருள் முழுவதும் தவறிப்போயிற்று. சடாரியின்மேல் இருப்பவை எம்பெருமான் திருவடிகள். சடகோபனான நம்மாழ்வாரே அத்திருவடிநிலையாக இருக்கிறார் என்பது ஸம்ப்ரதாயம். அந்த ஆழ்வார் ஸந்நிதியில் அதற்கு ஸ்ரீராமாநுஜம் என்று பெயர். எம்பெருமானார் ஸந்நிதியில் முதலியாண்டான் என்று பெயர். திருவடியைப் பற்றுவது ஆசார்யனை முன்னிட்டே என்னும் ஸித்தாந்தம் முழுவதும் அந்தச் சிறு வெள்ளிப் பாத்திரத்தில் அடங்கியிருக்கிறது. கண்ணால் மட்டும் காண்பவர்க்கு அது கிரீடமாகவே தோன்றும்.

இப்பிழைக்குப் பொறுப்பு யாருடையது? பாதி மாணவருடையது. விடை சொன்னவருக்கு அவ்விஷயம் தெரியுமா என்று அவர் ஆராயவில்லை. வேறொருவரையும் கேட்டு ஒப்பிடவில்லை. ஒரு பருவத்துக்குள் அறிக்கை முடியவேண்டும் என்னும் கட்டாயம் அவருக்கு. திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து அர்த்தம் பெற்ற எம்பெருமானாரின் வழியில் வந்தவர்கள் நாம்; பத்து வாரத்தில் ஒரு ஸமயத்தை எழுதி முடிப்பது நமக்கு விந்தையாகவே இருக்கும். மற்றைப் பாதி நம்முடையது. கேள்வி கேட்டவரைத் தெரிந்தவரிடம் அனுப்பாமல், தோன்றியதைச் சொல்லிவிட்டோம்.

பன்மைத் திட்டம் தனக்கென்று வகுத்துக்கொண்ட இலக்கை நோக்கினாலும் இக்குறை சிறியதன்று. பல ஸமயங்கள் ஓரிடத்தில் இருப்பது மட்டும் பன்மையாகாது. ஒருவரையொருவர் அறிந்துகொள்ள முயலும் ஈடுபாடே பன்மை என்பது எக் அவர்களின் கொள்கை. உயர்ந்த கொள்கைதான். ஆனால் கோயில்களைக் கணக்கெடுத்து வரைபடத்தில் குறிப்பதால் ஏற்படுவது பன்மையைப் பற்றிய தகவலே. அறிதல் உண்டாகவேண்டுமானால், ஒரு ஸமுதாயம் தன் செயலுக்குத் தானே கூறிக்கொள்ளும் விளக்கத்தை, அதாவது அதன் வ்யாக்யானத்தை, மாணவர் கேட்கவேண்டும்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. ஆஷ்லாண்ட் கோயில் ஏன் பிராட்டியின் திருநாமத்தால் வழங்குகிறது என்று மாணவர் கேட்டால், நாம் உடனே புருஷகாரத்தை விளக்கத் தொடங்குவோம். ஆனால் அக்கோயிலுக்குப் பொருள் உதவியவர் பல ஸம்ப்ரதாயத்தவர், பல மொழியினர். அவர்கள் அனைவரும் புருஷகாரத்தை நினைத்தே அப்பெயரைக் கொண்டனர் என்று நாம் சொல்லிவிட முடியாது. அதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். வ்யாக்யானம் கூறுவது சாஸ்த்ரார்த்தம். மாணவர் கேட்டுவருவது அநுஷ்டிப்பவரின் நினைவு. ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறைத்தல் தகாது.

இங்கே இரண்டு ஆக்ஷேபங்கள் எழலாம்.

முதலாவது நம்மவர் கூறுவது. அதிகாரம் இல்லாத இளையோர் ஸமயத்தை ஆராய்வது எங்ஙனம் பொருந்தும்? ரஹஸ்யார்த்தங்களுக்கு ஆசார்ய ஸம்பந்தம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாணவர் கேட்பது உபதேசத்தையன்று; விவரத்தையே. மேலும், சிஷ்யன் புதுப்பொருள் காண்பதை நம் முன்னோர் வெறுக்கவில்லை. திருமலையாண்டானிடம் எம்பெருமானார் திருவாய்மொழிப் பொருள் கேட்டபோது, சில பாசுரங்களுக்கு வேறு நிர்வாகம் ஸாதித்தார். ஆளவந்தாரிடம் தாம் கேட்டிராத பொருள் என்று ஆண்டான் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார். திருக்கோஷ்டியூர் நம்பி எழுந்தருளி, அப்பொருளை ஆளவந்தாரிடம் தாம் கேட்டதுண்டு என்று அருளிச்செய்தபின் காலக்ஷேபம் மீண்டும் தொடர்ந்தது என்று குருபரம்பரை கூறும். இதில் மூன்று விஷயங்கள் உள்ளன. புதுப்பொருள் சொல்லப்பட்டது, அது தடுக்கப்பட்டது, கேட்டறிந்த ஒருவர் அதனை அளந்து ஏற்றார். இன்றைய மாணவர் ஆராய்ச்சியில் முதலாவது உண்டு. மற்ற இரண்டும் பேராசிரியரின் மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகின்றன. கோயிலில் விடை சொன்னவர், தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் பெரும்பாலும் பார்ப்பதேயில்லை.

இரண்டாவது ஆக்ஷேபம் கல்வியாளர் கூறுவது. ஒரு ஸமயத்தைப் பற்றிச் சொல்லப்படுவதை அந்த ஸமயத்தவர் ஏற்றால்தான் அது செல்லுபடியாகும் என்று வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித் 1959இல் எழுதினார். பின்னாளில் ஹார்வர்டில் உலக ஸமய ஆய்வு மையத்துக்குத் தலைவராக இருந்தவர் அவர். இதனை மறுப்பவர் பலர். ஆராய்ச்சியாளர் ஸமயத்தின் காவலர் அல்லர், விமர்சகர் என்பது ரஸ்ஸல் மெக்கட்சியன் போன்றோரின் வாதம். ஸமுதாயத்தின் ஒப்புதலை வேண்டினால் உண்மையைச் சொல்லும் உரிமை பறிபோகும் என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சத்தில் நியாயம் உண்டு.

இதற்கு ஸமாதானம் ஸ்ரீபாஷ்யத்திலேயே உள்ளது. தொடக்கத்தில் எம்பெருமானார் லகு பூர்வபக்ஷம் என்றும் மஹா பூர்வபக்ஷம் என்றும் எதிர்க்கொள்கையை விரித்துரைக்கிறார். அத்வைதியே படித்தாலும் தன் கொள்கை இதுதான் என்று ஒப்பும்படி, அதன் வலிமை எதுவும் குறையாமல் உரைத்துவிட்டு, அதன்பிறகே மஹா ஸித்தாந்தத்தில் கண்டிக்கிறார். எடுத்துரைப்பதில் எதிரியின் ஒப்புதலை நாடுவது ஒன்று. முடிவில் அவனோடு உடன்படுவது வேறொன்று. முன்னதைக் கொள்வதால் பின்னதற்கான உரிமை போய்விடாது. மாணவர் சடாரியைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தாலும் வரட்டும். அதிகாரத்தின் சின்னம் என்றும் எழுதட்டும். ஆனால் அதற்குமுன், நாம் அதனை யாரென்று கொள்கிறோம் என்பதை நாம் ஒப்பும்படி எழுதியிருக்கவேண்டும். இவ்வளவே நாம் கேட்பது.

நம்பிள்ளையின் சரித்திரமும் இங்கு நினைக்கத்தக்கது. நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கும்படி வரதராஜரிடம் தந்தார். காவிரியைக் கடக்கையில் ஓலைச்சுவடி வெள்ளத்தில் போயிற்று. அவர் கேட்டதை நினைவிலிருந்தே எழுதினார். எழுதும்போது தமக்குத் தோன்றிய அர்த்தவிசேஷங்களையும் ஆங்காங்கே சேர்த்தார். நஞ்சீயர் வாசித்துப் பார்த்து, மிகுதியானவை எப்படி வந்தன என்று வினவ, நடந்ததை மறைக்காமல் விண்ணப்பித்தார். நஞ்சீயர் உகந்து, 'நம்பிள்ளை' என்று அணைத்துக்கொண்டார். எது கேட்டது, எது தாம் சேர்த்தது என்று சொல்லும் நேர்மை மாணவருக்கு வேண்டும். சிஷ்யன் சேர்த்ததைக் கண்டு உகக்கும் திருவுள்ளம் பெரியோருக்கு வேண்டும். முன்னதைப் பல்கலைக்கழகம் கற்பிக்கலாம். பின்னது நம்மிடத்தில் இருக்கவேண்டியது.

ஆகவே அடியேனுடைய விண்ணப்பம் இவ்வளவே. அயல்நாட்டுக் கோயில்களில், காலக்ஷேபம் செய்த ஒருவரையேனும் மாணவர்க்கு விடை சொல்வதற்கென்று நியமிக்க வேண்டும். மாணவர் எழுதியதை ஸமர்ப்பிக்குமுன் கோயிலில் ஒருமுறை வாசித்துக்காட்டச் சொல்லவேண்டும். கருத்து வேறுபட்டால் அதனைத் திருத்தும்படி வற்புறுத்தாமல், ஈட்டில் ஆண்டான் நிர்வாகமும் எம்பெருமானார் நிர்வாகமும் அருகருகே காட்டப்படுவதுபோல, கோயிலார் கருத்தையும் மாணவர் கருத்தையும் தனித்தனியே குறிக்கச் சொல்லவேண்டும். அவர்கள் எழுதியவற்றை நம் வித்வான்கள் வாசித்து, இத்தகைய இதழ்களில் மதிப்பிடவும் வேண்டும். கோயில் வாசலில் குறிப்பேட்டோடு நிற்கும் அம்மாணவர் நம் பேரனாகவோ பேத்தியாகவோ இருக்கலாம். பெரியோரிடம் கேட்கத் தயங்கி, பல்கலைக்கழகம் தந்த பாடத்தை முன்னிட்டு முதன்முறையாக வந்து கேட்கிறார். அக்கேள்விக்கு நாம் சொல்லும் விடையே, அவர் ஸம்ப்ரதாயத்தைப் பற்றிக் கேட்கும் முதல் வார்த்தையாக இருக்கக்கூடும். அதனை அறிந்து சொல்லுவோமாக.