லக்சோ ஜூனியர்: பழைய அசைவூட்ட நெறிகளும் கணினிக் குறும்படமும்

லக்சோ ஜூனியர் என்பது ஜான் லாசெட்டர் இயக்கத்தில் பிக்சார் நிறுவனம் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட கணினி அசைவூட்டக் குறும்படம் ஆகும். இரண்டு மேசை விளக்குகளே இதன் பாத்திரங்கள். உரையாடல் இல்லை. ஓடும் நேரம் ஏறத்தாழ 2 நிமிடம். சிறந்த அசைவூட்டக் குறும்படத்திற்கான ஆஸ்கர் விருதுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. கையால் வரைந்த படங்களுக்காக உருவான நெறிகள் கணினிக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை அறிய விரும்பும் மாணவர்களுக்கு இது நல்ல பாடம்.

பின்னணி

டிஸ்னி கலைஞர்கள் பல ஆண்டுப் பட்டறிவில் கண்டடைந்த 12 நெறிகளை, பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ஆகிய இருவரும் 1981இல் வெளியிட்ட நூலில் தொகுத்தனர். நசுங்கி நீளுதல், செயலுக்கு முந்திய ஆயத்தம், காட்சியைத் தெளிவாக அமைத்தல், கால அளவு, மிகைப்படுத்தல் ஆகியவை அவற்றுள் சில. டிஸ்னியில் பணியாற்றியிருந்த லாசெட்டர் இந்நெறிகளைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தார். இதுபற்றி 1987இல் சிக்கிராஃப் மாநாட்டில் அவர் அளித்த கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது.

கையால் வரையும்போது முதன்மை நிலைகளுக்கு இடைப்பட்ட படங்களையும் ஒரு மனிதரே வரைவார். கணினியோ அவற்றைத் தானே கணக்கிட்டு நிரப்பிவிடும். வேலை குறைகிறது. ஆனால் எங்கே வேகம் கூட வேண்டும், எங்கே தயங்கி நிற்க வேண்டும் என்பதைக் கணினி அறியாது. அதனிடமே விட்டுவிட்டால் எல்லா அசைவும் ஒரே சீராக, உயிரற்றதாக அமைந்துவிடும்.

நசுங்காத விளக்கு

நசுங்கி நீளுதல் என்றதும் உருவத்தை ரப்பர் போல இழுப்பது என்றே பலர் எண்ணுகின்றனர். விளக்கு உலோகத்தால் ஆனது. அதை நசுக்கினால் அது விளக்காகவே தோன்றாது. லாசெட்டர் இதற்கு மூட்டுகளைப் பயன்படுத்தினார். துள்ளும் முன் குட்டி விளக்கு மூட்டுகளை மடக்கிப் பதுங்குகிறது, எழும்பும்போது நிமிர்ந்து நீள்கிறது, தரையில் இறங்கும்போது மீண்டும் மடங்குகிறது. எந்தப் பகுதியும் உருமாறவில்லை. ஆயினும் அதன் எடையையும் துடிப்பையும் நாம் உணர்கிறோம். பதுங்குதலே ஆயத்தமாகவும் அமைவதால், அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிகிறது.

அளவிலும் இதே கவனம் உள்ளது. குட்டி விளக்கு பெரியதன் வெறும் சிறிய நகல் அன்று. தண்டும் மூடியும் சிறியவை. பல்பு மட்டும் பெரியதன் பல்பை ஒத்தது. குழந்தைக்குத் தலை பெரிதாகத் தோன்றுவதுபோல இதுவும் குழந்தையாகத் தோன்றுகிறது. குட்டி வேகமாகவும் படபடப்பாகவும் அசைகிறது, பெரியது மெதுவாகத் திரும்புகிறது. இருவரின் வயதையும் கால அளவே சொல்லிவிடுகிறது.

கேமரா நகர்வதே இல்லை, பின்புலமும் வெறுமையானது. அன்றைய கணினிகளின் வரம்பு இதற்கு ஒரு காரணம் என்றாலும், நம் பார்வை சிதறாமல் இருக்க அதுவே உதவுகிறது. பந்தின் காற்றுப் போனதும் குட்டி அதைப் புரட்டிப் பார்த்து, பெரிய விளக்கை நோக்கிவிட்டுத் தலைகுனிந்து வெளியேறும் இடம் படத்தின் சிறந்த பகுதி. முகமே இல்லாத ஒன்றின் வருத்தம் நமக்குப் புரிகிறது.

படத்தை மாநாட்டில் திரையிட்ட பின் கணினி வரைகலை அறிஞர் ஜிம் பிளின் லாசெட்டரிடம் வந்தார். நிழல் உருவாக்கிய முறையைப் பற்றிக் கேட்பார் என்று எண்ணிய லாசெட்டரிடம், பெரிய விளக்கு தாயா தந்தையா என்றே அவர் கேட்டார். இதைவிடச் சிறந்த பாராட்டு வேறில்லை.

டின் டாய் காட்டும் எல்லை

அதே இயக்குநரின் டின் டாய் (1988) ஆஸ்கர் வென்ற முதல் கணினி அசைவூட்டப் படம். அதில் தகரப் பொம்மை மிக நன்று. குழந்தையிடமிருந்து தப்பி ஓட ஓட, உடலில் கட்டிய இசைக்கருவிகள் ஒலித்து அதைக் காட்டிக்கொடுக்கின்றன. குழந்தை அவ்வாறு அமையவில்லை. அதன் தோலில் மென்மை இல்லை, இடுப்புத்துணி பிளாஸ்டிக் போல விறைத்து நிற்கிறது. நெறிகளை அறிந்தவரே செய்தும், பொருளின் தன்மை கைகூடாததால் அசைவு மனத்தில் ஒட்டவில்லை.

மதிப்பீடு

12 நெறிகளையும் பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புகுத்துவது பயன் தராது. எடுத்துக்கொண்ட பொருள் எதனால் ஆனது, அது அந்த நேரத்தில் என்ன நினைக்கிறது என்ற இரு கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே நெறி உதவும். லக்சோ ஜூனியர் இரண்டுக்கும் விடை கண்ட படம். மாணவர்கள் இதை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். அப்போதும் கதை முழுவதும் விளங்கும்.