ஒரு வால்வும் ஆசானின் காதும்

கொச்சியை ஒட்டிய ஏலூரில் டீசல் வண்டி ரிப்பேர் பார்ப்பவருக்குக் காது கூர்மையாக இருந்தே ஆகவேண்டும். பெரியாற்றின் கிளைகள் சுற்றி வளைத்த இந்தத் தீவில் 1947-ல் ஃபாக்ட் நிறுவனம் உர உற்பத்தியைத் தொடங்கியது. பின்னாலேயே காஸ்டிக் சோடா, அரிய மண் தனிமங்கள், பூச்சிமருந்து என்று ஆலைகள் வரிசை கட்டின. ராப்பகலாக டேங்கர் லாரிகள் போய்வருகின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவே ஓர் இன்னோவாவின் ஐடிலிங்கில் இருக்கும் சின்னத் தடுமாற்றத்தைப் பிரித்துக் கேட்கிற ஒருவர் இருக்கிறார். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், பாதாளம் சந்திப்பை ஒட்டிச் சின்ன ஒர்க்‌ஷாப். டிரைவர்கள் எல்லோருக்கும் அவர் ஆசான். அவர் எஸ்.சி.வி. என்கிற சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வை மாற்றுவதைக் கச்சேரிக்குப் போவதுபோல் போய் உட்கார்ந்து பார்ப்பேன்.

அந்த வால்வின் அருமை தெரிந்தால்தான் கைவேலையின் அருமை புரியும். 2005-ல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினில் இருப்பது டென்சோ பம்ப். அதற்குள் இரண்டு பிளஞ்சர்கள் டீசலை அழுத்தி, ரெயில் என்ற தடித்த குழாய்க்குள் திணிக்கின்றன. ஐடிலிங்கில் ஏறத்தாழ 300 பார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆயிரத்தைத் தாண்டும். கார் டயருக்குள் இருப்பது இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இத்தனை பெரிய அழுத்தத்தை அடக்கி ஆள்கிற வால்வோ, பிளஞ்சருக்கு முன்னால், அழுத்தம் குறைந்த பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினுக்கு அந்த நொடியில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு டீசலை மட்டும் பிளஞ்சர் பக்கம் விடுகிறது.

1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாகக் காமன் ரெயில் என்ற இந்த ஏற்பாடு கார்களுக்கு வந்தபோது முறை வேறாக இருந்தது. வந்த டீசலை எல்லாம் அழுத்திவிட்டு, மிஞ்சியதை வழியவிட்டு டேங்குக்கே திருப்பினார்கள். அழுத்திய உழைப்பு வீண்; திரும்பிப்போகும் டீசலும் கொதிக்கும். உறிஞ்சும் வாயிலேயே அளந்துவிடுவது என்ற யோசனை அந்த வீணை அடைத்தது. டீசல் எஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். ஒரு சுருளில் மின்சாரம் துடிக்கிறது, ஸ்பிரிங்குக்கு எதிராக ஒரு சிறு உருளை நகர்கிறது, திறப்பு கூடிக் குறைகிறது. அந்த உருளைக்கும் அதன் கூட்டுக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளிதான்; தலைமுடியின் தடிமனே அதைவிடப் பல மடங்கு. அங்கே மெல்லிய துருவோ பசையோ ஏறினால் உருளை ஒட்டி ஒட்டி நகரும். எஞ்சினின் கணினியான ஈ.சி.யு. கேட்டதைவிட அழுத்தம் ஒரு கணம் கூடும், மறுகணம் குறையும். வண்டி மூச்சுவாங்க ஆரம்பிக்கும்.

"ஆசானே, சிக்னல்ல நின்னா ஆர்.பி.எம். முள்ளு ஆடுது. ஏ.சி. போட்டா ஆஃப் ஆயிடுது" என்று வந்து நின்றார் ஒரு நாமக்கல் டிரைவர்.

"காலைல ஸ்டார்ட் பண்றப்பவே ஆடுதா, சூடான பிறகா தம்பி?"

"சூடான பிறகுதான்."

ஸ்பேனர் எடுக்கவில்லை. பானட்டைத் தூக்கிவிட்டு அப்படியே நின்று கேட்டார். இன்ஜெக்டர் ஒன்று மக்கர் செய்தால் தட்டல் ஒரே தாளத்தில் தப்பும். இங்கே முழு எஞ்சினும் சேர்ந்தாற்போல் ஏறி இறங்கியது. காது சொன்னதை அவர் அப்படியே நம்பிவிடுவதும் இல்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடிபோலத் தெரிகிற ஒரு துண்டு ஹோஸை மாட்டினார். உள்ளே குமிழி ஓடினால் எங்கேயோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம், ஓடவில்லை. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்னையும் நான்கு சின்னப் புட்டிகளில் பிடித்தார். நான்கும் ஒரே மட்டம். அதற்குப் பிறகுதான் ஸ்கேனர். திரையில் கேட்ட அழுத்தம் ஒரு கோடு, கிடைத்த அழுத்தம் இன்னொரு கோடு. முதல் கோடு நேராகப் போக, இரண்டாவது அதன் மேலும் கீழும் அலைந்தது. கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தார். சுமார் 2 ஓம். சுருள் நன்றாக இருக்கிறது, உருளைதான் ஒட்டுகிறது.

இந்த அரைமணி நேரத்துக்குத்தான் நான் தலைவணங்குகிறேன். "பம்பே போச்சு" என்று சொல்லிவிடுவது சுலபம். முழுப் பம்பையும் இறக்கி வேறு ஏற்றினால் கோளாறு போய்விடும், கூடவே டிரைவரின் ஒரு மாத வருமானமும் போய்விடும். எதைக் கழற்ற வேண்டாம் என்று நிரூபித்துக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு போல்ட்டில் வந்து நிற்கிற நிதானம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கழற்றுவதற்கு முன்னால் அவர் வால்வைச் சுற்றிக் கழுவுவதைப் பார்க்க வேண்டும். முதலில் பிரஷ், பிறகு பிரேக் கிளீனர், பிறகு காற்று. மறுபடியும் ஒரு தடவை. பம்ப் வாயில் விழும் ஒரு மணல்துகள் பிளஞ்சரைக் கீறிவிடும், அதன் பின் இன்ஜெக்டருக்குப் போகும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை வராத பிறகுதான் ஆலன் கீயை எடுத்தார். போல்ட் இரண்டும் வந்ததும் வால்வைத் திருகி இழுக்கவில்லை. மெல்ல அசைத்து நேராக உருவினார். திறந்த வாயை உடனே மூடினார். புது வால்வின் ஓ ரிங்கில் சுத்தமான டீசலைத் தடவி, கட்டைவிரலால் மட்டும் அழுத்தி உட்காரவைத்தார். போல்ட்டை இழுத்து உட்காரவைத்தால் ஓ ரிங் ஓரத்தில் நசுங்கும், காற்று இழுக்க ஆரம்பிக்கும் என்பது அவர் கணக்கு. பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினார்.

ஃபில்டரை மாற்றாமல் வால்வை மட்டும் மாற்றச் சொன்னால் அவர் வண்டியைத் தொடமாட்டார். அதில் அவருக்குக் கோபமே வரும். டீசல்தான் இந்தப் பம்புக்கு எரிபொருளும் எண்ணெயும். தண்ணீர் கலந்தால் வழவழப்பு போய்த் துரு பிடிக்கும். கொச்சியில் ஜூன் முதல் கொட்டுகிற மழையில், பாதி காலியான டேங்கின் சுவரில் ஈரம் வியர்க்கிறது. ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது ஐந்து நிமிட வேலை, அதைச் செய்கிறவர்கள்தான் குறைவு. நாமக்கல் வண்டியின் ஃபில்டரிலிருந்து காப்பி நிறத்தில் வடிந்ததைப் புட்டியில் பிடித்து, ஒன்றும் பேசாமல் டிரைவரிடம் நீட்டினார்.

கையால் அடிக்கிற பிரைமர் கெட்டிப்படும்வரை அடித்து, ஸ்டார்ட் செய்து, கசிவு பார்த்தாயிற்று. ஆனால் வேலை முடியவில்லை. பழைய வால்வின் கோணல் போக்குக்கு ஏற்ப ஈ.சி.யு. சேர்த்துவைத்திருந்த திருத்தங்களை ஸ்கேனரில் அழித்து, புது வால்வின் குணத்தை அது புதிதாகக் கற்கவிடவேண்டும். எஞ்சின் சூடாகும்வரை ஆசான் யாரையும் ஆக்சிலரேட்டரைத் தொடவிடவில்லை.

பிறகு மஞ்ஞும்மல் வழியாகக் கண்டெய்னர் ரோட்டுக்கு ஓர் ஓட்டம். வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகும் அந்தச் சாலை தட்டையாக, நீளமாக இருக்கும், சோதனைக்கு ஏற்றது. டிரைவர் ஓட்ட, ஆசான் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டார். அழுத்தி மிதித்தால் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறுகின்றனவா என்பது ஒன்று. சட்டென்று காலை எடுத்தால் அழுத்தம் தாமதமின்றி இறங்கி, ஐடிலிங்கில் ஆடாமல் நிற்கிறதா என்பது இன்னொன்று. அவருக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் ஒட்டுகிற வால்வு மூடும்போதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நாலைந்து தடவை காலை எடுக்கச் சொன்னார். கடைசித் தடவை ஏ.சி.யையும் போடச் சொல்லி, "தம்பி, இனி சேலம்வரை நிறுத்தாம போகலாம்" என்றார்.