பாதி மட்டம், பாதி வாட்டம்: ரெவிட் மென்பொருளில் சாய்தளம் அமைக்கும் முறைகள்

குளியலறையில் நீர் வடிகுழியை நோக்கி ஓடவும், நுழைவாயிலில் சக்கர நாற்காலி ஏறவும், ஒரே தளத்தின் ஒரு பகுதி மட்டமாக நிற்க மறுபகுதி சாய வேண்டியிருக்கிறது. கட்டுமான இடத்தில் கொத்தனார் நூல் பிடித்து வாட்டம் கொடுத்து முடித்துவிடும் இவ்வேலை, கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாகக் கணினியில் எழுப்பும் ரெவிட் மென்பொருளில் முக்கியமாக இரண்டு வேறு வழிகளாகப் பிரிகிறது. அவற்றுள் எளிதான வழியே பெரும்பாலும் கைக்கொள்ளப்படுகிறது என்பதால், அதன் தகுதியையும் குறையையும் எடைபோடுவது பயனுடையது.

முதல் வழி சாய்வு அம்பு. தளத்தின் எல்லைக்கோட்டை வரையும்போதே ஓர் அம்புக்குறியை இட்டு, அதன் வாலுக்கும் தலைக்கும் உரிய உயரங்களையோ நேரடியாகச் சாய்வு விகிதத்தையோ கொடுத்துவிட்டால், தளம் ஒரே சமதளப் பரப்பாகச் சாயும். ஆனால் ஒரு தளத்துக்கு ஓர் அம்புதான். அது தளம் முழுவதையும் சாய்த்துவிடும். ஆகவே பாதி மட்டமும் பாதி சாய்வும் வேண்டுமெனில் இரண்டு தளங்களைத் தனித்தனியே வரைந்து, சேரும் கோட்டில் பொருத்த வேண்டும்.

எளிதான இரண்டாம் வழி புள்ளித் திருத்தம். மட்டமாக வரைந்த ஒரே தளத்தின் மீது புள்ளிகளையும், பரப்பு எங்கே மடிய வேண்டும் என்பதைக் காட்டும் மடிப்புக்கோடுகளையும் சேர்த்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் தனித்தனியே மாற்றலாம். ஏற்கெனவே அம்பால் சாய்க்கப்பட்ட தளத்தில் இக்கருவி இயங்காது என்பதால், இரண்டில் ஒன்றைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

புள்ளித் திருத்தத்தின் உண்மையான வலிமை அடுக்குகளில் வெளிப்படுகிறது. தளம் என்பது காங்கிரீட், அதன்மேல் சமன்செய்யும் சாந்து, அதன்மேல் ஓடு என்று பல அடுக்குகளால் ஆனது. அவற்றுள் ஒன்றை மட்டும் தடிமன் மாறக்கூடிய அடுக்காகக் குறித்துவிட்டால், கீழே காங்கிரீட் மட்டமாகவே கிடக்க, சாந்து மட்டும் வடிகுழி நோக்கி மெலிந்துகொண்டே போகும். எடுத்துக்காட்டாக, 2 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஈரப்பகுதியில், 50 மி.மீ. சாந்து நீளவாக்கில் 1:80 விகிதத்தில் சரிந்தால், கடைசி ஓரத்தில் அது 25 மி.மீ. ஆகிறது, தேவைப்படும் சாந்து 0.4 கன மீட்டரன்று, 0.3 கன மீட்டர்தான். களத்தில் நடப்பதும் இதுவே என்பதால், பொருள் அளவுப் பட்டியல் மெய்யான கணக்கைத் தருகிறது. மாறும் அடுக்கைக் குறிக்க மறந்துவிட்டால் அடுக்குகள் அனைத்தும், காங்கிரீட்டின் அடிப்பரப்பு உட்பட, சேர்ந்து சரிந்துவிடும். மேலிருந்து பார்க்கும் தரைப்படத்தில் இப்பிழை புலப்படாது, குறுக்குவெட்டுப் படத்தில்தான் தெரியும்.

வடிவியலும் கவனத்தைக் கோருகிறது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே சமதளத்தில் அமையும். நான்காவது அவ்வாறு அமைய வேண்டியதில்லை. நாற்கோணத் தளத்தின் ஒரு மூலையை மட்டும் தாழ்த்தினால், பரப்பு முறுக்கிக்கொள்ளும், அல்லது இரண்டு முக்கோணங்களாக மடியும். பெரிய ஓடுகளை முறுக்கிய பரப்பில் ஒட்ட இயலாது என்பதை மென்பொருள் அறியாது. மடிப்பு எங்கே விழ வேண்டும் என்பதை வடிவமைப்பாளரே கோடிட்டுச் சொல்ல வேண்டும்.

இவை கவனத்தால் தீரும் குறைகள். தீராத குறை ஒன்று உண்டு. புள்ளித் திருத்தம் உயரங்களை நினைவில் வைத்துக்கொள்கிறதே அன்றி, சாய்வு விகிதத்தை வைத்துக்கொள்வதில்லை. 150 மி.மீ. உயர வேறுபாட்டை 1.8 மீட்டர் நீளத்தில் கடக்கும் நுழைவாயில் சாய்தளம் 1:12 என்ற விகிதத்தில் அமைகிறது. மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான அமெரிக்காவின் 2010 வடிவமைப்பு விதிகள் சாய்தளத்துக்கு அனுமதிக்கும் உச்ச வரம்பும் அதுவே. பின்னொரு நாள் யாரோ ஒருவர் அந்தச் சாய்தளத்தின் ஓரத்தை 300 மி.மீ. உள்ளே தள்ளினால், உயரங்கள் அப்படியே நிற்க, சாய்வு 1:10 ஆகச் செங்குத்தாகிவிடும். எச்சரிக்கை எதுவும் எழாது. சாய்வு அம்பில் விகிதத்தையே கொடுத்திருந்தால், விகிதம் மாறாமல் உயரம் மாறி, தளங்கள் சேருமிடத்தில் ஒரு படி தோன்றிப் பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும். 2000-இல் முதன்முதலில் வெளிவந்து, 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்கு வந்த இம்மென்பொருளின் பெருமையே, உறுப்புகளுக்கிடையேயான உறவுகளைக் காத்து நிற்பதுதான். புள்ளித் திருத்தமோ அந்த உறவைக் கைவிட்டு வெறும் எண்களை மட்டும் காக்கிறது. தளத்தின் மீது சாய்வு விகிதக் குறியை இட்டுவைத்தால் மாற்றம் அக்குறியில் தெரியும் என்பது உண்மையே. ஆயினும் அதை யாரேனும் படித்தாக வேண்டும்.

இரு தள முறைக்கும் விலை உண்டு. சேரும் கோடு நகர்ந்தால் இரண்டு எல்லைகளையும் திருத்த வேண்டும். ஒன்றை விட்டால் இடையில் வெடிப்பு விழும். தளங்களின் எண்ணிக்கை பட்டியலில் பெருகும். நாற்பது குளியலறைகள் கொண்ட விடுதிக் கட்டடத்தில் இதைச் செய்யச் சொல்வது வரைவாளரைத் தண்டிப்பதாகும். அங்கே காங்கிரீட்டை ஒரு தளமாகவும், சாந்தையும் ஓட்டையும் அதன்மேல் தனித் தளமாகவும் வைத்து, மேல்தளத்தில் மட்டும் புள்ளிகளைத் திருத்துவது தக்கது. காங்கிரீட்டே சாயும் இடத்திலும், சாய்வு விகிதத்துக்கு விதி வரம்பு வகுத்திருக்கும் சாய்தளத்திலும் புள்ளித் திருத்தம் ஏற்கத்தக்கதன்று. அங்கே கூடுதல் உழைப்பைப் பாராமல், தளத்தை இரண்டாகப் பிரித்துச் சாய்வு அம்பையே கையாள வேண்டும்.