மழை பார்த்துப் பூசும் கல்லறை

மழை எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று தீர்மானிக்காமல் ஒரு கல்லறைச் சிலுவைக்கு வண்ணம் பூசத் தொடங்கக் கூடாது. சிலுவையின் உயரம் கட்டைவிரல் அளவுதான் என்றாலும் இதில் சலுகை கிடையாது.

மேசைப் போர் விளையாட்டுகளில் படைவீரர்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் பொம்மைகள். அவர்கள் மோதிக்கொள்ள மதில், பாலம், பாழடைந்த வீடு என்று களம் அமைப்பார்கள். அவற்றில் என் மனம் போய் நிற்பது கோதிக் இடுகாட்டில். கூர்வளைவு வாசல், தலை குனிந்த கற்சிலை, ஈட்டிமுனைக் கம்பிவேலி, மண்ணில் சரிந்த நடுகற்கள். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-ல் வெளியிட்ட வார்ஹேமர் விளையாட்டின் கற்பனை உலகில் மரணத்தின் தெய்வம் மோர். அவன் பெயரில் வந்த ‘கார்டன் ஆஃப் மோர்’ பிளாஸ்டிக் தொகுப்பு, களம் அமைத்து வண்ணம் பூசும் இந்தக் கலைக்குள் வந்த பலருக்கு அரிச்சுவடி.

வழக்கமான பாடம் எளிது. கறுப்பு பிரைமர், அதன்மேல் சாம்பல் நிறத்தில், காய்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தொடும் டிரை பிரஷ், பிறகு நல்ன் ஆயில் மாதிரி நீர்த்த ஒரு கறுப்பு வாஷ், ஓரங்களில் வெளிர் சாம்பல். அரைநாளில் முழு இடுகாடும் தயார். கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கல் எந்த ஊரிலும் நின்ற கல்லாகத் தெரியாது. காரணம், வாஷ் பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும். மழைநீர் இறங்க வழி தேடும். ஒன்று செதுக்கலின் ஆழத்தைக் காட்டுகிறது, மற்றொன்று கல் கடந்து வந்த வருஷங்களைக் காட்டுகிறது. இரண்டாவதுதான் வெதரிங். அதை அழுக்குப் பூசும் வேலை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது.

கோலாலம்பூர்க்காரருக்கு இதைக் கற்றுக்கொடுக்க மழையே போதும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் துணிக்கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டிச் சிறிது நடந்தால் மஸ்ஜித் ஜாமெக். ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடிவமைத்து 1909-ல் திறக்கப்பட்ட பள்ளிவாசல். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் அந்த முனை, அதற்கு முன்பு மலாய்க்காரர்களின் அடக்கத்தலமாக இருந்தது. ஆற்றைக் கடந்து டத்தாரான் மெர்டேக்கா பக்கம் போனால் செயிண்ட் மேரி பேராலயம், ஏ.சி. நார்மன் ஆங்கில கோதிக் பாணியில் வரைந்தது, 1895-ல் அர்ச்சிக்கப்பட்டது. கூர்வளைவின் விகிதத்தையும் உதைசுவரின் சரிவையும் அங்கே நின்று பார்க்கலாம். கறைகளைப் படிக்க, வெள்ளையடிக்காத பழைய காரைச் சமாதிகள் வேண்டும். அதே 1895-ல் தொடங்கிய குவாங்தோங் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். கோலாலம்பூரின் பழைய சீனத் தலைவர் யாப் ஆ லோய் அடங்கியிருப்பதும் அங்கேதான்.

சமாதியின் மேல்விளிம்பில் நீர் தேங்கும், அங்கே கறுப்பு கனமாகப் படியும். விளிம்பின் விரிசலிலிருந்து அது நாக்கு நாக்காகக் கீழே இறங்கி, மெலிந்து மறையும். விளிம்புக்கு நேர் அடியில், மழை படாத ஒரு பட்டை மட்டும் வெளிறியே கிடக்கும். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி புகையல்ல, நீலப்பச்சைப் பாசி. சில சுவர்களில் செம்மஞ்சளாகத் திட்டுத் திட்டாகப் படர்வதைத் துரு என்று நினைத்து இரும்பே இல்லாத கல்லில் துரு வரைபவர்கள் உண்டு. அது ட்ரென்டெபோலியா என்ற பாசி. இனத்தால் பச்சைப்பாசிதான், கரோட்டின் நிறமி மிகுந்து ஆரஞ்சாகத் தெரிகிறது.

இதை 3 சென்டிமீட்டர் நடுகல்லில் கொண்டுவர, கறுப்பிலிருந்து தொடங்கவே கூடாது. வெள்ளையில் காவியும் துளி சாம்பலும் கலந்து, பழஞ்சுண்ணாம்பு நிறத்தை அடியில் பூசி வார்னிஷ் அடிக்க வேண்டும். காய்ந்தபின், கறுப்பும் அடர்பழுப்பும் கலந்த ஆயில் பெயிண்டை விளிம்பில் குண்டூசித் தலையளவு மூன்று இடத்தில் வைக்கிறோம். தூரிகையை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, டிஷ்யூவில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் நிலையில் ஒவ்வொரு புள்ளியையும் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். மூன்று நாக்கும் மூன்று நீளம். ஈரம் கூடினால் கறை கரைந்து கல் முழுவதும் பரவிவிடும், குறைந்தால் கோடாக நிற்கும். இந்த நடுநிலையில்தான் கலையே இருக்கிறது. அதன்மேல் பாசிப்பச்சையில் ஒரே ஒரு மெல்லிய இழுப்பு, அவ்வளவுதான். சிலுவையின் கைகளுக்கு அடியில் எதையும் தொடக்கூடாது.

அடுத்து செம்மண். மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும் சேறு கல்லின் அடியில் சுமார் ஒரு சாண் ஏறும். பொம்மையின் அளவு ஏறக்குறைய அறுபதில் ஒன்று என்பதால், நடுகல்லில் அது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். அதற்கு மேல் சிவப்பு ஏறினால் கண் உடனே பொய்யைக் கண்டுபிடித்துவிடும்.

கருவிகளுக்கு அலைய வேண்டியதில்லை. மஸ்ஜித் இந்தியாவின் அழகுசாதனக் கடைகளில் கன்னத்துக்குப் பவுடர் பூசும் உருண்டைத் தூரிகை கிடைக்கும். டிரை பிரஷுக்கு அதைவிட மென்மையானது அரிது. ஸ்பாஞ்சைப் பிய்த்து ஒற்றினால் பாசித் திட்டு. பழுப்பு ஐஷேடோ, புழுதி. வார்னிஷ் ஸ்பிரேக்கு மட்டும் வானம் பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த வேளையில் அடித்தால் ஈரம் படலத்தில் சிக்கி, கல் வெள்ளையாகப் பனித்துவிடும். மாலை இடி கிளம்புமுன் அடித்து முடிப்பது நல்லது.

கல்லை விட்டு உலோகத்துக்கு வந்தால், வெண்கலச் சிலைகளில் களிம்பு பூசும்போது கை மிஞ்சிப் போவது இந்தக் கலையின் பெரிய வியாதி. நிஹிலாக் ஆக்சைடு என்ற களிம்புநிறப் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் சிலை முழுவதும் நீலப்பச்சையாகிவிடுகிறது. மடிப்புகளில் கொஞ்சம், அங்கிருந்து பீடத்தின்மேல் வழிந்த ஒரு கீற்று. அவ்வளவு போதும், முழங்காலும் மூக்கும் பழைய பழுப்பிலேயே இருக்கட்டும்.

ஐரோப்பியக் கோதிக் மதிலில் அரசங்கன்று முளைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாராளமாக முளைக்கலாம். நார்மனின் கூர்வளைவுகள் நம் மழையில் 130 ஆண்டுகளாக நனைந்து நிற்கின்றன. இந்த ஊர்க் கோதிக்குக்கு இந்த ஊர்ச் செடிதான் பொருந்தும். காய்ந்த இலைச்சருகில் இதய வடிவாக இரண்டு இலை வெட்டி, மெல்லிய செம்புக் கம்பியை முறுக்கித் தண்டாக்கி, மதிலின் உச்சி விரிசலில் ஒட்டலாம். கம்பியின் அடிநுனிகளைப் பிரித்து, வேர்களாக விரிசல் வழியே இறங்க விட வேண்டும். படையை நகர்த்த வரும் ஆட்டக்காரர் மண்டையோட்டையும் சிலையையும் தாண்டி முதலில் குனிந்து பார்ப்பது அந்த வேரைத்தான்.