இருபத்தைந்தில் ஒரு பங்கு

ஓசூரிலிருந்து பாகலூர் போகும் சாலையில் ரோஜாப் பசுமைக்குடில்களும் ஷட்டர் போட்ட பட்டறைகளும் மாறி மாறி வரும். 1980-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தபின், அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கவே இந்தப் பட்டறைகள் முளைத்தன. இவற்றில் மோல்டு வேலை பார்ப்பவர் கையில் ஒரு பழைய அமெரிக்கக் காரின் பிளாஸ்டிக் கிட்டைக் கொடுத்துப் பாருங்கள். பெட்டியின் மேல் உள்ள படத்தில் அவர் கண் நிற்காது. பாடியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடிப்பார். பார்ட்டிங் லைன் எங்கே ஓடுகிறது, ஃபிளாஷ் எங்கே பிதுங்கியிருக்கிறது, சிங்க் மார்க் எங்கே குழிந்திருக்கிறது என்று தேடுவார். மாடல் கார் மரபுகளை எடைபோடச் சரியான கண் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தக் கலை பெயின்ட் டப்பாவில் தொடங்குவதல்ல, மோல்டில் தொடங்குவது.

கார் பாடி ஒரே துண்டாக வர வேண்டுமென்றால், மேலிருந்து கீழே பிரியும் சாதாரண மோல்டு போதாது. உள்ளே ஒரு கோர். இரு பக்கவாட்டுக்கும் முன்பின்னுக்கும் தனித்தனி ஸ்லைடு. நான்கும் ஒன்றாக மூடி ஒன்றாக விலக வேண்டும். ஸ்லைடுகள் சந்திக்கும் இடத்துக் கோடு ஃபெண்டரின் மேல் விளிம்பிலும் கூரையின் பின்தூணிலும் மெல்லிய வரப்பாக நிற்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் பெயின்ட் அடித்தவரின் காரை எத்தனை அடி தள்ளி நின்றாலும் கண்டுபிடித்துவிடலாம். பளபளப்பு ஏற ஏற அந்தக் கோடும் எடுப்பாகத் தெரியும்.

இந்த மரபின் முதல் பள்ளி ஷோரூம் பள்ளி. 1948-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய ஏஎம்டி, அலுமினியத்தில் ஃபோர்டு கார் செய்துதான் பெயர் எடுத்தது. பெயரிலுள்ள முதல் எழுத்தே அலுமினியத்தைக் குறிப்பது. சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறியது. இதுவும் ஜோஹான் போன்ற நிறுவனங்களும் செய்தவை கடைப் பொம்மைகள் அல்ல. புது மாடல் வரும்போது டீலர்கள் வாடிக்கையாளருக்குக் காட்டவும் கொடுக்கவும் செய்த மாதிரிகள். கார் கம்பெனியே வரைபடம் கொடுத்தது. கம்பெனி நிறத்திலேயே பெயின்ட் அடிக்கப்பட்டது. அதனால்தான் அந்தக் கால உருவங்களில் அளவும் வளைவும் அவ்வளவு நேர்மையாக இருக்கின்றன. ஆனால் ஆரம்பத்தில் பயன்படுத்திய அசிடேட் பிளாஸ்டிக் காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளும். இன்று சேகரிப்பவர்கள் பழைய டீலர் மாதிரியைக் கையில் எடுத்ததும் நான்கு சக்கரமும் தரையில் படிகிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

1958-இல் ஏஎம்டி அதே மோல்டுகளைக் கொண்டு பிரித்த பாகங்களாகக் கிட் விற்கத் தொடங்கியபோது இரண்டாவது பள்ளி பிறந்தது. ஒரே பெட்டியில் மூன்று கார்: கம்பெனி வடிவம், கஸ்டம் வடிவம், ரேஸ் வடிவம். வாங்கிய பையன் எதை வேண்டுமானாலும் கட்டலாம். கூரையை வெட்டித் தாழ்த்துவது, குரோம் பட்டைகளை வழித்தெடுப்பது, வேறு காரின் விளக்கைப் பொருத்துவது என்று கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் பாரிஸ் போன்றவர்கள் நிஜக் காரில் செய்ததை வீட்டு மேஜையில் செய்தார்கள். இந்தப் பள்ளியைக் குறைத்துப் பேசும் பழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புட்டி வைத்து, காயவிட்டு, தேய்த்து ஒரு புது வளைவைக் கொண்டுவருவதற்கு ஷோரூம் பள்ளிக்கு வேண்டியதைவிடக் கூடுதலான கைத்திறன் வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கு நடத்திய கைவினைப் போட்டியே இதற்குச் சான்று. பிற்காலத்தில் அதில் பையன்கள் தாங்களே கற்பனை செய்த காரை 1:12 அளவில் செய்து அனுப்பினார்கள். 1947-இல் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார்.

கிட் நிறுவனங்களில் மோனோகிராம் 1:24 அளவைப் பிடித்துக்கொண்டது. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்பது கணக்கு. டெட்ராய்ட் நிறுவனங்கள் 1:25-ஐ விடவில்லை. வித்தியாசம் அற்பமென்று தோன்றும். 1959 காடிலாக் 5.7 மீட்டர் நீளம். 1:25-இல் அது 23 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1:24-இல் கிட்டத்தட்ட 24. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் ஒன்று மற்றொன்றின் அண்ணன்போல் நிற்கும். (நம் அம்பாசிடர் 1:25-இல் 17 சென்டிமீட்டர்தான். அந்தக் காடிலாக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அமெரிக்கக் காரின் உடம்பு எத்தகையது என்று புரியும்.) சேகரிப்பவர் ஓர் அளவைத் தேர்ந்து அதிலேயே நிற்பது நல்லது.

ரெவெல் என்ற கிட் நிறுவனம் தனி வழி போயிற்று. 1962-இன் கிரைஸ்லர் குடும்பக் கார்களுக்குப் பாடியைப் பல துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தது. காகிதத்தில் அருமையான யோசனை. கட்டும்போது ஒரு துண்டு அரை மில்லிமீட்டர் விலகினால் அடுத்த துண்டு பொருந்தாது. இன்றும் அந்தக் கிட்டை நேராகக் கட்டி முடித்தவரை மற்றவர்கள் மரியாதையோடு பார்க்கிறார்கள்.

கிட்டே இல்லாமல் பித்தளையிலும் தகட்டிலும் அனைத்தையும் தானே செய்யும் பள்ளி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்ரோவ் 1:15 அளவில் செய்த டியூசன்பர்க் கார்கள் அதன் உச்சம். லேத்தும் மில்லிங்கும் அன்றாடம் புழங்கும் ஓசூர் வட்டாரத்துக்கு இயல்பாகப் பொருந்துவது இந்தப் பள்ளிதான்.

இனி தரம். போட்டிகளில் நடுவர்கள் முதலில் பார்ப்பது அடிப்படை வேலை: இணைப்புக் கோடு மறைந்ததா, பசை கசிந்ததா, நான்கு சக்கரமும் நேரா, கண்ணாடியில் விரல்ரேகை உண்டா. அதன் பிறகே பெயின்ட். பெயின்டில் நான் ஒரே ஒரு கணக்கைத்தான் கேட்பேன். நிஜக் காரின் பெயின்ட் ஏறக்குறைய 100 மைக்ரான் தடிப்பு. 1:25-இல் அது 4 மைக்ரான் ஆக வேண்டும். நாம் பிரைமர், நிறம், கிளியர் என்று அடுக்கி அதே 100 மைக்ரானை ஏற்றினால், நிஜக் காரில் இரண்டரை மில்லிமீட்டர் பெயின்ட் பூசியதற்குச் சமம். கதவிடுக்குகள் அடைந்துபோகும், முத்திரை எழுத்துகள் மழுங்கிப்போகும். ஆகவே பெயின்ட்டுக்கு முன்பே கதவுக் கோடுகளை ஊசி முனையால் ஆழப்படுத்த வேண்டும். மெல்லிய பூச்சுகளாகவே அடிக்க வேண்டும். நம் கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் என்.சி. பெயின்ட் நிறத்துக்குப் பிரமாதம். ஆனால் அதன் தின்னர் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை அரிக்கும். பிரைமரைத் தூவல்போல் அடித்துக் காயவிட்ட பிறகே அதைத் தொடலாம். ஓசூரில் மழை பிடித்துக்கொண்ட மாலையில் ஸ்ப்ரே செய்தால் ஈரம் உள்ளே சிக்கி நிறத்தின் மேல் வெள்ளை பூத்துவிடும்; வெயில் ஏறிய முற்பகலே ஏற்ற நேரம்.

சேகரிப்பில் இந்தியாவுக்கும் ஒரு மரபு உண்டு. இங்கிலாந்தின் டிங்கி பொம்மைக் கார் மோல்டுகள் இந்தியாவுக்கு வந்து நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்களை வார்த்தன. கார்கி மோல்டுகளிலிருந்து கல்கத்தாவில் மில்டன் கார்கள் வந்தன. பூச்சு முரடு, பெட்டி எளிமை. அந்த முரட்டுத்தனத்துக்காகவே இன்று அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். லியோ நிறுவனம் இங்கே செய்த ஹாட் வீல்ஸ் கார்களின் விசித்திர நிறங்களுக்கும் அதே கிராக்கி.

நமக்கென்று ஒரு பள்ளி வேண்டுமென்றால் அதற்கான மூலம் மதராஸ் தெருக்களிலேயே இருந்தது. ஃபோர்டு இங்கே 1950-களின் முற்பகுதி வரை கார்களைப் பூட்டியது. டிவிஎஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கு டீலராக இருந்தது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் டாட்ஜும் பிளிமத்தும் பூட்டியது. அந்தக் கார்களுக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். கிட்டுகளிலோ எல்லாம் இடப்பக்கம். மாற்றுவது வெறும் வட்டத்தை இடம்மாற்றும் வேலையல்ல. டேஷ்போர்டு, பெடல், ஸ்டீயரிங் பெட்டி, வைப்பர் சாயும் திசை என அத்தனையும் திரும்ப வேண்டும். தொடங்குபவருக்கு 1955 செவ்ரலேவைத்தான் சொல்வேன். அதன் டேஷ்போர்டில் மீட்டர் இருக்கும் விசிறி வடிவமே மறுபக்கம் ஸ்பீக்கருக்கும் உண்டு. வெட்டி மாற்றினால் பொருத்தம் கெடாது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் எம்.எஸ். என்று தொடங்கும் பழைய நம்பரை ஒட்டிவிட்டால் அந்தக் கார் டெட்ராய்ட்டை விட்டு மவுன்ட் ரோட்டுக்கு வந்துவிடும்.

இதற்கு ஆதாரம் வேண்டும், பெட்டிப் படம் போதாது. கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்திலும், சென்னையில் 2023-இல் திறந்த ஏவி.எம். அருங்காட்சியகத்திலும் பழைய கார்கள் இருக்கின்றன. அனுமதி பெற்று, டேஷ்போர்டையும் குரோம் பட்டையின் அகலத்தையும் சீட் துணியின் நெசவையும் படமெடுத்து அளந்து வைக்க வேண்டும். தனியார் வீடுகளில் மிச்சமிருக்கும் கார்கள் புதுப்பிக்கப்படும்போது வெளிநாட்டுப் பாகங்கள் ஏறி, மதராஸ் விவரங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. அதற்கு முன்பே இந்த அளவெடுப்பு நடந்தாக வேண்டும்.